உள்ளே திரும்பும் முடி: சவரம் செய்வோர் அறிய வேண்டியவை



நமது மலரில் இதுவரை நான் எழுதியவை எல்லாம் தண்டவாளம், பாலம், மலைப்பாதை என்று ரயில்வே சம்பந்தப்பட்டவையே. இம்முறை சவரத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க்குழு நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். சிரிக்கக்கூடிய விஷயம்தான். ஆனால் இந்தச் சிறு விஷயம் 2009ஆம் ஆண்டு என்னைப் பதினொரு நாட்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தியது. என் ஒரே மகளின் நிச்சயதார்த்தத்தை நான் பார்க்கவில்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது எழுதத் தூண்டியவன் நம் சங்கத்துப் பிள்ளை ஒருவன். சித்திரைத் திருநாள் விழாவில், நாக்பூர் வெயில் கொளுத்துகிற வேளையில், கழுத்தைச் சுற்றிக் கைக்குட்டை கட்டிக்கொண்டு பந்தி பரிமாறினான். ஏன் என்று கேட்டேன். முதலில் சொல்லவில்லை. கை கழுவும் இடத்தில் தனியாக வந்து கைக்குட்டையை விலக்கிக் காட்டினான். தாடைக்குக் கீழே கழுத்து முழுவதும் சிவந்தும் கறுத்தும் சிறு சிறு கட்டிகள். இரண்டு இடங்களில் சீழ். "மாமா, வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தினமும் மழமழவென்று ஷேவ் பண்ணிக்கொண்டு போக வேண்டும். பண்ணப் பண்ண இது அதிகமாகிறது. முகப்பருவுக்கான கிரீம் போட்டேன், கேட்கவில்லை" என்றான். அவன் முடி சுருட்டை. பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. அது முகப்பரு அன்று. உள்ளே திரும்பிய முடி.

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா படித்த சிவில் இன்ஜினியர். பட்ட பாட்டையும், எனக்குச் சிகிச்சை அளித்த டாக்டர்களிடம் கேட்டறிந்ததையும், அதன்பின் படித்துத் தெரிந்துகொண்டதையும் வரிசைப்படுத்தித் தருகிறேன்.

முடி ஏன் உள்ளே திரும்புகிறது?

நம் தோலில் ஒவ்வொரு முடிக்கும் ஒரு குழி உண்டு. அது செங்குத்தாக இருப்பதில்லை, சாய்வாக இருக்கும். அதனால்தான் முடி ஒரு பக்கமாகப் படிகிறது. சுருட்டை முடிக்காரர்களுக்குக் குழியே வளைந்திருக்கும். தாடி முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும், அதாவது நாளுக்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.4 மி.மீ. வரை.

தானாக வளர்ந்த முடியின் நுனி மெலிந்து மென்மையாக இருக்கும். பிளேடால் சாய்வாக வெட்டப்பட்ட முடியின் நுனியோ ஊசி போலக் கூராக இருக்கும். இந்தக் கூரான நுனி இரண்டு வழிகளில் தொல்லை தரும்.

முதல் வழி: முடி வெளியே வந்து, வளைந்து, ஒன்றிரண்டு மி.மீ. தள்ளி மீண்டும் தோலைக் குத்தி உள்ளே இறங்குகிறது. சுருட்டை முடிக்காரர்களுக்கு இது அதிகம்.

இரண்டாம் வழி: தோல் மட்டத்துக்குக் கீழேயே முடி வெட்டப்பட்டுவிடுகிறது. அது வளரும்போது வெளியே வரும் வாசலைத் தவறவிட்டுக் குழியின் சுவரையே துளைத்துக்கொண்டு சதைக்குள் போகிறது. தோலை இழுத்துப் பிடித்து ஒட்டச் சவரம் செய்தாலும், முடியைப் பிடுங்கினாலும் இது நேரும். நேர்முடிக்காரர்களும் இதற்குத் தப்ப முடியாது.

உள்ளே போன முடி நம் உடம்பில் முளைத்ததுதான். ஆனால் உடம்பு அதை அந்நியப் பொருளாகவே நினைக்கிறது. முள் குத்தினால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் ஆகிறது: சிவப்பு, வீக்கம், வலி. கிருமியும் சேர்ந்தால் சீழ். ஆறினாலும் நம்மைப் போன்ற மாநிறத்தவர்க்கும் கறுத்த நிறத்தவர்க்கும் அந்த இடம் கறுத்துப் போய் மாதக்கணக்கில் மறையாது. சிலருக்குத் தழும்பு தடித்து மேடாகவும் வளர்ந்துவிடும்.

ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு முடி மிகவும் சுருண்டது என்பதால் இந்தத் தொல்லை அவர்களிடையே மிக அதிகம். தினமும் சவரம் கட்டாயமாக இருந்த அமெரிக்க ராணுவத்தில் இது பல பத்தாண்டுகளாகப் பெரிய பிரச்சினையாகவே இருந்து வந்திருக்கிறது. எனவே நம் பிள்ளைகள் இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. அழுக்கினால் வருவதன்று, முடியின் அமைப்பும் சவரம் செய்யும் முறையும் சேர்ந்து உண்டாக்குவது.

பிளேடு பெருகப் பெருக

கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர் கழற்றி மாட்டும் பிளேடு கொண்ட ரேசரை 1903இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த முதல் வருடம் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான் என்பார்கள். அது ஒற்றைப் பிளேடு. 1971இல் இரட்டைப் பிளேடும், 1998இல் மூன்று பிளேடும் வந்தன. இன்று ஐந்தும் அதற்கு மேலும் பிளேடு கொண்டவை கிடைக்கின்றன.

இரட்டைப் பிளேடு எப்படி வேலை செய்கிறது? முதல் பிளேடு முடியைப் பற்றிச் சற்று வெளியே இழுக்கிறது. அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு வந்து வெட்டுகிறது. வெட்டப்பட்ட முடி பின்வாங்கித் தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. கன்னம் மழமழவென்று இருப்பதன் ரகசியம் இதுதான். மேலே சொன்ன இரண்டாம் வழிக்கு வாசல் திறந்துவிடுவதும் இதுதான். உள்முடித் தொல்லை இல்லாதவர்கள் எத்தனை பிளேடு வேண்டுமானாலும் உபயோகிக்கலாம். தொல்லை உள்ளவர்களுக்கு ஒற்றைப் பிளேடே நல்லது. அதைவிட நல்லது டிரிம்மர்.

என் கதை

2009இல் நான் இட்டார்சிக்கும் ஆம்லாவுக்கும் இடையேயுள்ள மலைப்பாதைப் பகுதியில் வேலையில் இருந்தேன். சர்க்கரை நோய் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. லைனில் சுற்றுகிறவனுக்கு வேளாவேளைக்கு மாத்திரை ஏது? திருநெல்வேலியில் மகளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டார் முன்னால் பளிச்சென்று நிற்க வேண்டும் என்ற ஆசை. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு சலூனுக்குப் போய், "நன்றாக ஒட்டப் பண்ணுப்பா" என்றேன். அவரும் நான் சொன்னபடி தோலை இழுத்துப் பிடித்துக் கீழிருந்து மேலாக இரண்டு முறை வழித்தார்.

மூன்றாம் நாள் கழுத்தில் மிளகளவு கட்டி. உள்ளே கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. முடிதானே, எடுத்துவிடலாம் என்று ஊக்கை எடுத்துக் குத்தினேன். ஊக்கைச் சுத்தம் செய்தேனா என்றால், வேட்டியில் துடைத்தேன். அவ்வளவுதான். மறுநாள் எலுமிச்சையளவு வீக்கம். காய்ச்சல். என் மனைவி, "என்னங்க, டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள்" என்று இரண்டு நாள் சொன்னாள். பிளாக் வேலை முடியட்டும் என்று தள்ளிப் போட்டேன்.

மூன்றாவது நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 340. கட்டியைக் கீறிச் சீழை எடுத்தார்கள். தினமும் கட்டு மாற்றினார்கள். "இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ரத்தத்தில் பரவியிருக்கும்" என்றார் டாக்டர். என் மனைவி தன் தம்பியை அழைத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனாள். நிச்சயத் தாம்பூலத்தை என் இடத்தில் நின்று மைத்துனர் மாற்றினார். போனில் மகள், "அப்பா, உங்கள் உடம்புதான் முக்கியம்" என்றாள். அவள் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்தத் தழும்பு இன்றும் என் கழுத்தில் இருக்கிறது.

சலூன்காரர் மீது குற்றமில்லை. ஒட்ட வழிக்கச் சொன்னவன் நான். ஊக்கால் குத்தியவனும் நான். மாத்திரை விழுங்காதவனும் நானே.

சரியான முறை

தொல்லை உள்ளவர்கள் கீழ்க்கண்ட முறையைப் பின்பற்றலாம்.

1. முதலில் வாட்டம் பாருங்கள். இரண்டு நாள் தாடியை விரலால் தடவினால் எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அதுவே முடியின் வாட்டம். கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும். கழுத்தில் தொல்லை அதிகம் வருவதற்கு இது ஒரு காரணம்.

2. நன்றாக ஊறவிடுங்கள். காய்ந்த முடி கம்பி மாதிரி. நீரில் ஊறிய முடி மெத்தென்று வெட்டுப்படும். குளித்த பிறகு சவரம் செய்வது உத்தமம். இல்லாவிட்டால் வெந்நீரில் நனைத்த துணியை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் ஒற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஷேவிங் கிரீமை நுரைக்க விட்டு, ஓரிரு நிமிடம் பொறுங்கள். குளிக்கிற சோப்பு தோலை உலர்த்திவிடும்; அதைத் தவிர்ப்பது நல்லது.

4. பிளேடு கூராக இருக்கட்டும். மழுங்கிய பிளேடு முடியை இழுக்கும், நாமும் அழுத்துவோம், ஒரே இடத்தில் பலமுறை வழிப்போம். ஒரு பிளேடை மாதக்கணக்கில் ஓட்டுவது சிக்கனமன்று.

5. வாட்டத்தின் போக்கிலேயே வழியுங்கள். ரயில்வேக்காரர்களுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். பாயின்ட்ஸில் டங் ரெயிலின் அடிப்பக்கத்திலிருந்து நுனியை நோக்கிப் போகிற வண்டிக்கு ஆபத்து குறைவு. நுனியை எதிர்கொண்டு வருகிற வண்டிக்குத்தான், நுனி சற்றுத் திறந்திருந்தாலும் ஆபத்து. சவரமும் அப்படியே. வேரிலிருந்து நுனியை நோக்கிப் போங்கள். நுனியை எதிர்த்துப் போகாதீர்கள்.

6. தோலை இழுத்துப் பிடிக்காதீர்கள். அழுத்தாதீர்கள். ஒரு இடத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை போதும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடை நீரில் அலசுங்கள்.

7. முடித்தபின் குளிர்ந்த நீரில் கழுவி, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். எரிச்சல் தராத, வாசனை குறைந்த கிரீம் தடவலாம். படிகாரம் சிறு வெட்டில் வரும் ரத்தத்தை நிறுத்தும், உள்முடியைத் தடுக்காது.

8. எல்லாவற்றுக்கும் மேலாக, மழமழவென்று இருக்க வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். டிரிம்மரால் சுமார் 1 மி.மீ. விட்டு வெட்டினால் முடி தோலுக்குக் கீழே போகாது; நுனியும் அவ்வளவு கூராக இராது. ஒரு கஜம் தள்ளி நிற்பவர் கண்ணுக்கு அது நேர்த்தியான முகமாகவே தெரியும்.

ஏற்கெனவே கட்டி வந்துவிட்டால்

முதல் மருந்து, சவரத்தை நிறுத்துவது. மூன்று நான்கு வாரம் தாடி வளரட்டும். தொடக்கத்தில் தொல்லை கூடியது போலத் தோன்றும், பொறுத்துக்கொள்ள வேண்டும். முடி 1 செ.மீ. நீளம் ஆகும்போது, மாட்டிக்கொண்ட நுனியை அது ஸ்பிரிங் போலத் தானே வெளியே இழுத்துவிடும். புதிதாக உள்ளே இறங்கவும் இறங்காது. பழையவை ஆறிய பிறகே மறுபடி சவரம் தொடங்க வேண்டும்.

வீங்கிய இடத்தில் வெந்நீர்த் துணியைத் தினம் இரண்டு மூன்று முறை, பத்து நிமிடம் ஒற்றி வைக்கலாம். முடி வளைந்து வெளியே வளையமாகத் தெரிந்தால் மட்டும், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் அந்த வளையத்தை மெல்லத் தூக்கி நுனியை விடுவிக்கலாம். தோண்டக் கூடாது. பிடுங்கவும் கூடாது, பிடுங்கிய முடி மறுபடி வளரும்போது குழிச்சுவரைத் துளைக்கும். கட்டியை நசுக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் இந்த ஊசி வேலையையே தொட வேண்டாம். என் கழுத்தே சாட்சி.

மருந்துக்கடையில் கேட்டு ஏதாவது ஒரு கிரீமைத் தடவும் வழக்கம் நம்மிடம் அதிகம். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் சிவப்பு குறைந்தது போலத் தெரியும்; தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, முகம் சிவந்து, பருக்கள் கிளம்பி, விட முடியாத நிலை வரும். 2018இல் தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதித்தது இதனால்தான். தோல் டாக்டர் நிலைமையைப் பார்த்து, சாலிசிலிக் அமிலம், பென்சாயில் பெராக்சைடு, ரெட்டினாய்டு போன்ற எது பொருந்தும் என்று சொல்வார்.

சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு, கழுத்தைத் திருப்ப முடியாத வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இவை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

சலூனில் கவனிக்க வேண்டியவை

கத்தியில் மாட்டும் அரைப் பிளேடை உங்கள் கண் முன்னால் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். மஞ்சள் காமாலை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகள் ரத்தம் பட்ட பிளேடு வழியே தொற்றக்கூடியவை. இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். தோலை இழுக்காமல், ஒரு முறை மட்டும், வாட்டத்தோடு வழிக்கச் சொல்லுங்கள். இளைஞர்களுக்கு இன்னொன்று: பிடரியை மெஷினால் ஒட்ட வெட்டி, அதற்கு மேல் பிளேடும் போடும் பழக்கத்தால் பிடரியில் கட்டிகள் கிளம்பித் தடித்த தழும்பாகிவிடுவதுண்டு. ஒருமுறை வந்தவர்கள் பிடரியில் பிளேடு படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சகோதரிகளுக்கு

நம் மாதர் பிரிவினர், "ஆண்களுக்கு மட்டுமா எழுதுகிறீர்கள்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கை, காலில் வாக்ஸிங் செய்யும்போதும், முகத்தில் நூல் போட்டு எடுக்கும்போதும் முடி சில சமயம் வேரோடு வராமல் தோலுக்கு உள்ளேயே அறுந்துவிடும். அந்த அறுந்த முடி உள்ளே திரும்பிக்கொள்ளும். அதன்பின் ஓரிரு நாள் இறுக்கமான உடையைத் தவிர்ப்பது, வாரத்தில் இரண்டொரு நாள் ஈரத்துணியால் மிருதுவாகத் தேய்த்துக் குளிப்பது ஆகியவை உதவும். கட்டி இருக்கும் இடத்தைத் தேய்க்க வேண்டாம்.

முடி நீக்கும் கிரீம்கள் முடியின் புரதத்தைக் கரைத்து வேலை செய்கின்றன. நுனி கூராவதில்லை என்பது அவற்றின் நன்மை. சிலருக்குத் தோல் வெந்துபோகும் என்பது தீமை. முதலில் சிறிதளவு கையில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டே உபயோகிக்க வேண்டும். இளம் பெண்களுக்கு மோவாயில் கனத்த முடி புதிதாக வளர்ந்தால், பிடுங்கிக்கொண்டே இராமல் டாக்டரிடம் காட்டுவது நல்லது. சினைப்பையில் நீர்க்கட்டிகள் போன்ற காரணம் இருக்கலாம்.

லேசர் சிகிச்சை முடியையே குறைத்து இத்தொல்லையைக் குறைக்கிறது. பல தடவை செய்ய வேண்டும், செலவும் உண்டு. நம் நிறத்தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது என்பார்கள். முடியின் கறுப்பு நிறத்தைக் குறிவைத்தே லேசர் வேலை செய்வதால் நரைத்த முடிக்கு அது பலிக்காது. ஆகவே என் போன்றோர்க்கு அந்தச் செலவு மிச்சம்!

முடிவாக

அந்தப் பிள்ளையைத் தோல் டாக்டரிடம் நானே அழைத்துப் போனேன். ஒரு மாதம் சவரம் கூடாது, பிறகு 1 மி.மீ. விட்டு டிரிம்மர் மட்டும் என்று டாக்டர் கடிதம் கொடுத்தார். அதை வேலை செய்யும் இடத்தில் காட்டப் பையன் தயங்கினான். "வேலை போய்விடுமோ மாமா?" என்றான். "கடிதத்தைக் கொடு, கைக்குட்டையை அவிழ்த்துக் கழுத்தையும் காட்டு" என்றேன். மேலாளர் பார்த்துவிட்டு, "இதை முன்பே சொல்லியிருக்கலாமே" என்றாராம். ஆடி மாதக் கூட்டத்துக்கு வந்தபோது அவன் கழுத்தில் கைக்குட்டை இல்லை. கறுத்த புள்ளிகள் இன்னும் இருந்தன; புதுக் கட்டி ஒன்றும் இல்லை.

ரயில்பாதையில் கீமேன் என்றொரு ஊழியர் உண்டு. தினமும் தன் பகுதி முழுவதும் நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் சாவிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டிவிட்டுப் போவார். சிறிய சாவிதானே என்று அவர் விடுவதில்லை. முப்பத்தெட்டு வருடம் அவர்களிடம் வேலை வாங்கிய நான், என் கழுத்தில் வந்த மிளகளவு கட்டியைச் சிறியது என்று விட்டுவிட்டேன். நீங்கள் விட்டுவிடாதீர்கள். நாளைக் காலை கண்ணாடி முன் நிற்கும்போது, பிளேடை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் விரலால் தடவி வாட்டம் பாருங்கள். வீட்டில் மீசை அரும்புகிற பிள்ளை இருந்தால் அவனையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டிக் கொடுங்கள். எனக்கு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை.